குடமுழுக்கு நேரலை: அனலாக் கேப்சர் ஸ்டிக் தகராறு செய்தால் எங்கே தேடுவது

கேள்வி இது: குடவாசல் பக்கம் ஒரு கிராமக் கோயிலில் குடமுழுக்கு. இரண்டு பழைய டேப் கேமரா, ஓர் அனலாக் வீடியோ மிக்சர். மிக்சரின் வீடியோ அவுட்டிலிருந்து யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் (அனலாக் படத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னக் கருவி), அங்கிருந்து லேப்டாப், ஓபிஎஸ் (நேரலை மென்பொருள்), யூடியூப். ஒத்திகையில் படம் கருப்பு வெள்ளையாக வந்தது. ஆட்கள் நடந்தால் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிகிறது. நாதஸ்வரம் கரகரக்கிறது. முக்கால் மணி நேரம் போனால் ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். பார்ப்பவர்களுக்கு அடிக்கடி வட்டம் சுற்றி நிற்கிறது. ஸ்டிக்கை மாற்றினால் சரியாகுமா?

மாற்ற வேண்டியிருக்காது. நீங்கள் சொன்ன ஐந்தும் ஐந்து வெவ்வேறு இடங்களில் இருக்கும் கோளாறுகள். ஸ்டிக் அவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் காரணமாக இருக்க முடியும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் கடைசி வயலில் நின்று மண்வெட்டி போடுவதில்லை. தலைப்பிலிருந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டு வருவோம். இங்கேயும் அதுதான் முறை. ஓபிஎஸ் அமைப்புகளைக் கண்டபடி மாற்றத் தொடங்கினால், எது பழைய கோளாறு, எது நாமே உண்டாக்கியது என்பது பத்து நிமிடத்தில் குழம்பிவிடும்.

முதலில் இரண்டு சோதனை. ஸ்டிக்குக்குப் போகும் அதே ஒயரைப் பிடுங்கி, ஏவி இன் உள்ள ஒரு டிவியில் செருகுங்கள். அடுத்து, வீட்டு செட்டாப் பாக்ஸின் மஞ்சள் பின்னை ஸ்டிக்கில் செருகிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் படம் லேப்டாப்பில் வண்ணமாக, நிலையாக வந்தால் ஸ்டிக், டிரைவர், அமைப்பு மூன்றும் சரி. கோளாறு மிக்சர் பக்கமோ ஒயரிலோ இருக்கிறது. செட்டாப் பாக்ஸும் கருப்பு வெள்ளையாக வந்தால் லேப்டாப் பக்கம் தேடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டிவி பெரும்பாலும் பொறுத்துப்போகும், ஸ்டிக் பொறுக்காது. படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் டிவி சமாளித்துக் காட்டிவிடும். கேப்சர் சிப்போ படத்தைக் கைவிட்டு நீலத்திரையோ கருப்புத்திரையோ கொடுக்கும். ஆகவே டிவியில் படம் தெரிகிறது என்பதை வைத்து மட்டும் ஒயர் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனி கருப்பு வெள்ளை. இதற்கு முதல் சந்தேகம் ஒளிபரப்பு முறையின் மீதுதான். 1982-ல் வண்ணத் தொலைக்காட்சி வந்ததிலிருந்து நம் நாட்டு அனலாக் முறை ‘பால்’: 625 வரி, விநாடிக்கு 25 படம், வண்ணத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறி வரும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் 525 வரி, விநாடிக்கு 29.97 படம், வண்ணம் 3.58 மெகாஹெர்ட்ஸில். பல ஸ்டிக்குகள் வாங்கி வரும்போதே என்டிஎஸ்சியில்தான் இருக்கும். 3.58-ல் வண்ணத்தைத் தேடும் சிப்புக்கு 4.43-ல் இருப்பது கண்ணில் படாது. வெளிச்சம் மட்டும் வரும், வண்ணம் வராது. கூடவே படம் மேலும் கீழும் உருண்டாலோ, அடிப்பகுதி வெட்டுப்பட்டாலோ சந்தேகமே வேண்டாம், முறைதான் தப்பு.

ஓபிஎஸ்ஸில் வீடியோ கேப்சர் டிவைஸின் பண்புகளைத் திறந்து, ‘கான்ஃபிகர் வீடியோ’வை அழுத்தினால் ‘வீடியோ டீகோடர்’ என்ற பக்கம் வரும். அங்கே பால்_பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை முதலில் செய்துவிட்டுப் பிறகுதான் ரெசல்யூஷனுக்குப் போக வேண்டும். என்டிஎஸ்சியில் இருக்கும்வரை பல டிரைவர்கள் 576 வரியைப் பட்டியலிலேயே காட்டாது. பிறகு ரெசல்யூஷனை ‘கஸ்டம்’ ஆக்கி 720x576, எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) 25 என்று வையுங்கள். டிரைவர் இல்லாமல் செருகியதும் வேலை செய்யும் ரக ஸ்டிக் என்றால் டீகோடர் பக்கம் இருக்காது. 720x576, 25 என்று கேட்பதுதான் அதற்கு வழி. சில ஸ்டிக்குகள் பிடுங்கிச் செருகினால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால் விழா நாள் காலையில் இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ‘கிராஸ்பார்’ (எந்தப் பின்னிலிருந்து படம் எடுப்பது என்று தேர்வு செய்யும் பக்கம்) பார்க்கவும். உள்ளீடு ‘எஸ்-வீடியோ’ என்று இருந்து, ஒயர் மஞ்சள் பின்னில் இருந்தால், ஸ்டிக்கைப் பொறுத்துப் படமே வராது, அல்லது வண்ணம் இல்லாமல் வரும். அதை ‘வீடியோ காம்போசிட்’ (வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் வரும் மஞ்சள் பின் முறை) ஆக்குங்கள். மிக்சரில் எஸ்-வீடியோ அவுட் இருந்து, நல்ல எஸ்-வீடியோ ஒயரும் கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெளிச்சமும் வண்ணமும் தனித்தனிக் கம்பியில் வருவதால் பட்டு வேட்டிக் கரையிலும் கோபுரச் சுதை வேலையிலும் வானவில் மாதிரி நெளியும் கறை காணாமல் போகும். இருப்பதிலேயே செலவில்லாத முன்னேற்றம் இதுதான்.

மூன்றாவது காரணம் ஒயர். நம் ஊர்களில் இங்கே சறுக்குபவர்கள் நிறைய. விமானத்தின் மேல் சாரத்தில் ஒரு கேமரா, யாகசாலையில் ஒன்று, மிக்சர் பந்தலில். அறுபது எழுபது மீட்டர் ஒயர் வேண்டும் என்றதும் கேபிள் டிவிக்காரரிடம் மீந்த சுருளை வாங்கி இழுத்துவிடுவார்கள். அந்த ஆர்ஜி6 ஒயரின் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. கேபிள் டிவியின் உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் தோலில் மட்டும் ஓடும், அதனால் உள்ளே எஃகு இருந்தால் நஷ்டமில்லை. காம்போசிட் வீடியோவோ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தொடங்கி 5 மெகாஹெர்ட்ஸ்வரை பரவிக் கிடப்பது. அதன் கீழ்ப்பகுதி முழுக் கம்பியிலும் ஓடும். எஃகின் மின்தடை அங்கே படத்தை மங்கலாக்கி, ஒத்திசைவையும் சாப்பிடும். நடுக்கம்பி முழுச் செம்பாக, மேல் பின்னலும் செம்பாக உள்ள 75 ஓம் ஒயர் கேட்டு வாங்குங்கள். பிளேடால் நடுக்கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம். காந்தம் ஒட்டினால் எஃகு. வயர்லெஸ் சாதனங்களுக்கு வரும் 50 ஓம் ஒயரைப் போட்டால் உருவத்தின் வலப்பக்கம் நிழல் விழும்.

ஒரே அவுட்டை டி-கனெக்டர் போட்டு ஸ்டிக்குக்கும் பந்தல் டிவிக்கும் பிரித்திருக்கிறீர்களா? அப்படியானால் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். காம்போசிட் என்பது 75 ஓம் சுமையில் 1 வோல்ட்: படம் 0.7, ஒத்திசைவு 0.3. இரண்டு சாதனம் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் சுமை 37.5 ஓம் ஆகி, 1 வோல்ட் 0.67 ஆகக் குறையும். படம் இருண்டு, ஒத்திசைவு 0.2-க்கு இறங்கி, ஸ்டிக் அவ்வப்போது படத்தை விடும். மிக்சரின் இரண்டாவது அவுட்டைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர் (ஒரே வீடியோவை வலு குறையாமல் பலவாகப் பிரிக்கும் கருவி) போடுங்கள்.

கேமரா போதவில்லை என்று கோயில் சிசிடிவி கேமராவிலிருந்து பிஎன்சி ஒயரை இழுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் அனலாக் சிசிடிவி கேமராக்கள் ஏஎச்டி, டிவிஐ, சிவிஐ என்ற எச்டி முறைகளில் அனுப்புபவை. பின் ஒன்றுதான், உள்ளே போகும் சிக்னல் வேறு. ஸ்டிக்கில் கருப்போ கிறுக்கலோதான் வரும். பல கேமராக்களின் ஒயர் நுனியில் சின்ன ஜாய்ஸ்டிக்கோ சுவிட்சோ இருக்கும். அதில் சிவிபிஎஸ் என்பதற்கு மாற்றினால் பழைய காம்போசிட் கிடைக்கும். ஆனால் அந்தக் கேமரா கோயிலின் டிவிஆரில் பதிவாகிக்கொண்டிருக்கும், அங்கேயும் படத்தின் தரம் இறங்கும் என்பதால் நிர்வாகத்திடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

படத்தில் கிடைமட்டமாக அகலமான ஒரு பட்டை மெதுவாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால், அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வீடியோவுக்குள் நுழைந்திருப்பதன் அடையாளம். மிக்சர் ஈபி லைனில், மைக் செட் ஜெனரேட்டரில், லேப்டாப் வேறொரு வீட்டு லைனில் என்று இருக்கும்போது ஒவ்வொன்றின் எர்த்தும் வேறு மட்டத்தில் நிற்கும். அந்த வித்தியாசம் வீடியோ ஒயரின் மேல் பின்னல் வழியே ஓடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பட்டை மறைந்தால் காரணம் உறுதி. கேமரா, மிக்சர், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவருவது பாதி வேலையை முடிக்கும். மிச்சத்துக்கு வீடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின் இணைப்பைத் துண்டித்துப் படத்தை மட்டும் கடத்தும் கருவி). பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அபிஷேக நீர் ஓடும் கல்தரையில் வெறுங்காலோடு நூறு பேர் நிற்கும் இடம் அது.

சீப்புப் பல் கோடு கோளாறே இல்லை. அனலாக் வீடியோவின் இயல்பு அது. ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படமாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று 1/50 விநாடி இடைவெளியில் எடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்டினால் நகரும் பொருள் இரண்டு இடத்தில் தெரியத்தான் செய்யும். ஓபிஎஸ்ஸில் அந்த சோர்ஸின் மீது வலது கிளிக், ‘டீஇன்டர்லேசிங்’ (அரைப்படங்களைப் பிரித்து முழுப்படமாக்கும் மெனு), அதில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்ற முறை. செட்டிங்ஸில் எஃப்பிஎஸ்ஸை 50 ஆக்குங்கள். லேப்டாப் திணறினால் சாதா ‘யாடிஃப்’, எஃப்பிஎஸ் 25. ஓபிஎஸ்ஸை 30-லேயே விட்டுவைத்தால் விநாடிக்கு ஐந்து படம் இரட்டித்து, கேமராவைத் திருப்பும்போதெல்லாம் தடுக்கித் தடுக்கி நகரும். பலர் இதை நெட் பிரச்சினை என்று நினைத்து மோடத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அதே மெனுவில் ‘டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட்’, ‘பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்’ என்று இரண்டு இருக்கும். கேமரா முன்னால் ஒருவரைக் கையை வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். கை முன்னும் பின்னுமாக நடுங்கினால் வரிசை தப்பு, மற்றதைப் போடுங்கள். இதெல்லாம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: ஸ்டிக்கிலிருந்து 576 வரியும் அப்படியே வர வேண்டும். சோர்ஸில் 640x480 என்று கேட்டிருந்தால், டிரைவர் இரண்டு அரைப்படத்தின் வரிகளையும் பிசைந்து சுருக்கித்தான் கொடுக்கும். பிசைந்ததை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது.

உருவம் ஒல்லியாகவோ குண்டாகவோ இருந்தால்: கேன்வாஸ் 1280x720, ‘எடிட் டிரான்ஸ்ஃபார்ம்’ போய்ப் படத்தை 960x720-க்கு இழுத்து நிரப்புங்கள். கேமராவே 16:9-ல் எடுத்து அனுப்பினால் முழு 1280x720-க்கு இழுங்கள். இரண்டு ஓரத்திலும் தெரியும் கருப்புக் கோட்டை எட்டெட்டுப் பிக்சல் வெட்டிவிடலாம். மூலமே 576 வரிதானே, எதற்கு 720 என்று கேட்கலாம். யூடியூப் 50 எஃப்பிஎஸ்ஸைக் கொடுப்பது 720-லிருந்துதான். அதற்குக் கீழே அனுப்பினால் பாதிப் படத்தைக் கழித்துவிடும்.

அடுத்து ஒலி. நாதஸ்வரம், தவிலோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்கு இந்த ஸ்டிக்குகளில் ஒலிப்பகுதி கிடையாது என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மைக் செட் மிக்சரின் மெயின் அவுட் சுமார் 1.2 வோல்ட் மட்டத்தில் வரும். ஸ்டிக்கின் சிவப்பு, வெள்ளைப் பின்கள் எதிர்பார்ப்பது சுமார் 0.3 வோல்ட். அதாவது 12 டெசிபெல் அதிகம். அதற்கும் மேலே தவில் அடி விழும்போது ஸ்டிக்கின் உள்ளேயே உச்சி வெட்டுப்பட்டுவிடும். பிறகு ஓபிஎஸ்ஸில் ஒலியைக் குறைத்தால் கரகரப்பும் சேர்ந்து குறையுமே தவிரப் போகாது. குறைக்க வேண்டியது மிக்சரில். மெயின் அவுட்டை விட்டுவிட்டு ‘ரெக் அவுட்’ அல்லது ‘டேப் அவுட்’ ஆர்சிஏ பின்னிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் ஒலி அளவைத் தனியாக வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்ஸ் அவுட். தவில்காரரைத் தனியாவர்த்தன வேகத்தில் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, ஓபிஎஸ் மீட்டரில் உச்சம் -10-ஐத் தாண்டாதபடி வையுங்கள். மந்திரம் ஓதும்போது மெலிதாக இருக்குமே என்றால் அதற்கு ஓபிஎஸ்ஸில் மெலிதானதை ஏற்றி உச்சியை அடக்கும் கம்ப்ரஸரும் லிமிட்டரும் இருக்கின்றன.

ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்டை ஒருபோதும் ஸ்டிக்கில் செருகாதீர்கள். ஹாரன் ஸ்பீக்கருக்குப் போகும் 100 வோல்ட் லைன் ஸ்டிக்கோடு லேப்டாப்பையும் சேர்த்து எரித்துவிடும்.

இன்னொரு கோளாறு கண்ணாமூச்சி காட்டும்: ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலி இருக்கிறது, ஆனால் குழாய்க்குள் பேசுவது போல, சிங்கப்பூரில் ஒற்றை ஸ்பீக்கர் கைபேசியில் பார்க்கும் உறவினர் ‘சத்தமே இல்லை’ என்கிறார். மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டில் மூன்று கணு ஜாக்கைச் செருகி, மறுமுனையை இடது வலது ஆர்சிஏ ஆகப் பிரித்திருப்பீர்கள். அந்த அவுட்டில் இருப்பது ஒரே ஒலியின் நேர்ப்பிரதியும் எதிர்ப்பிரதியும். இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இரண்டு கணு மோனோ ஜாக் போட்டால் தீர்ந்தது.

ஒலி அறவே வரவில்லை என்றால் விண்டோஸின் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். ஸ்டிக்கின் ஒலி விண்டோஸுக்கு ஒரு மைக்காகத்தான் தெரியும். அனுமதி இல்லையென்றால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மௌனம்.

முக்கால் மணியில் ஒலி விலகுவது ஏன்? படம் ஸ்டிக் வழியாகவும், ஒலி லேப்டாப்பின் மைக் ஜாக் வழியாகவும் வந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 0.36 விநாடி. நாலு கால பூஜைக்கு அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒலியையும் அதே ஸ்டிக்கின் வழியாகக் கொடுங்கள். விண்டோஸிலும் ஓபிஎஸ்ஸிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே வையுங்கள். பண்புகளில் ‘பஃபரிங்’கை நிறுத்துங்கள். கால இடைவெளிகளில் சோர்ஸை ஒருமுறை ‘டீஆக்டிவேட்’, ‘ஆக்டிவேட்’ செய்தால் சேர்ந்திருக்கும் விலகல் கழிந்துவிடும். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் விலகியிருந்தால் அது வேறு: கேமரா முன்னால் தாளத்தைத் தட்டிப் பதிவு செய்து, எத்தனை மில்லிவிநாடி என்று பார்த்து, ‘அட்வான்ஸ்டு ஆடியோ’வின் ‘சிங்க் ஆஃப்செட்’டில் கொடுங்கள்.

யூஎஸ்பி பக்கமும் ஒரு வார்த்தை. 720x576 படம், பிக்சலுக்கு 2 பைட், விநாடிக்கு 25: மொத்தம் 20.7 மெகாபைட். யூஎஸ்பி 2-ல் இந்த வகைச் சாதனம் ஒன்றுக்கு அதிகபட்சம் கிடைப்பதே விநாடிக்கு 24 மெகாபைட் சொச்சம். வழி ஏற்கெனவே நிரம்பித்தான் ஓடுகிறது. அதே ஹப்பில் வெப்கேமோ இன்னொரு ஸ்டிக்கோ சேர்ந்தால் படம் கிழியும், உறையும், அல்லது திறக்கவே மறுக்கும். ஹப்பும் நீட்டு ஒயரும் இல்லாமல் லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள்.

இனி அந்தச் சுற்றும் வட்டம். ஓபிஎஸ்ஸில் ‘ஸ்டேட்ஸ்’ சன்னலைத் திறந்து வையுங்கள். ‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கிராஃபிக்ஸ் திணறுகிறது. ‘என்கோடிங் லேக்’ ஏறினால் பிராசசர். படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடரை ‘சூப்பர்ஃபாஸ்ட்’டுக்கு இறக்குங்கள் அல்லது இன்டெல் சிப்பின் குவிக்சிங்க்குக்கு மாறுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தகரப் பந்தலுக்குள் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும், அடியில் இரண்டு கட்டை வைத்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ ஏறினால் மட்டுமே நெட். மூன்றில் எது என்று தெரியாமல் பிட்ரேட்டை (விநாடிக்கு அனுப்பும் தகவல் அளவை) குறைப்பதில் அர்த்தம் இல்லை.

பிட்ரேட் 3000 கேபிபிஎஸ், சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுப்படம்) 2 விநாடிக்கு ஒன்று, ஒலி 128 கேபிபிஎஸ். இதற்கு மணிக்கு 1.4 ஜிபி ஆகும். தினம் 2 ஜிபி கொடுக்கும் கைபேசித் திட்டம் ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் தீர்ந்து, வேகம் ஆமை ஆகிவிடும். அந்த நேரம் சுற்றும் வட்டத்துக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். அப்லோட் வேகம் குறைந்தது 6 எம்பிபிஎஸ் நிலையாக வேண்டும். அதை ராத்திரி பதினோரு மணிக்கு அளந்து பயனில்லை. கலசத்தில் புனித நீர் விழும் நேரத்தில் கூட்டம் மொத்தமும் கைபேசியைத் தூக்கி வீடியோ அனுப்பும், அந்த டவரின் மேல்வழி அப்போதுதான் அடைபடும். நேரலைக்காகத்தான் கடல் தாண்டி இருக்கும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் டவரை நம்ப முடியாது. பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து லேன் ஒயர் இழுக்க முடியுமா என்று முதலிலேயே பேசி வையுங்கள். கைபேசிதான் வழி என்றால் வைஃபை ஹாட்ஸ்பாட் வேண்டாம், யூஎஸ்பி டெதரிங். கருங்கல் மண்டபத்துக்குள் கைபேசி சிக்னல் தேயும் என்பதால் லேப்டாப்பைப் பந்தலின் திறந்த பக்கம் வையுங்கள். ஓபிஎஸ் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானாக மாற்றும் வசதி உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

இருட்டில் கேமராவின் ‘கெயின்’ (மங்கலைச் செயற்கையாகப் பிரகாசமாக்கும் அளவு) ஏறிப் படத்தில் மணல் தூவினாற்போல் இரைச்சல் வரும். அனலாக் ஒயர் அதையும் கூட்டும். என்கோடருக்கு அந்த மணல் ஒவ்வொன்றும் நகரும் பொருள்தான்; பிட்ரேட் முழுதும் அதற்கே செலவாகி, மூர்த்தியின் முகம் கட்டம் கட்டமாக உடையும். கெயினைக் கையால் குறைத்து, ஒரு விளக்கு கூடுதலாகப் போடுங்கள். பிட்ரேட்டை ஏற்றுவதைவிட இது பலன் தரும்.

யூடியூபில் நேரலை வசதியை முதன்முதலாகத் திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம், எனவே முதல் நாள் ராத்திரிக்கு விட்டுவைக்காதீர்கள். ‘ஆட்டோ ஸ்டாப்’பை அணைத்து வையுங்கள், இல்லையேல் நெட் கொஞ்ச நேரம் போனாலே நேரலை முடிந்துபோய், ஊருக்கெல்லாம் அனுப்பிய லிங்க் செத்துவிடும். 12 மணி நேரத்தைத் தாண்டும் நேரலை முழுதாகச் சேமிக்கப்படாது, யாகசாலைக்கு ஒன்று, குடமுழுக்குக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூஜைக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஓடும் கேசட் பாட்டு ஸ்டிக்குக்குள் வராமல் அந்தச் சேனலை மூடுங்கள். காப்புரிமைக் கோரல் வந்தால் நேரலையையே நிறுத்திவிடக்கூடும்.

டேப் கேமராக்களில் கேசட்டை வெளியே எடுத்துவிடுங்கள். கேசட் இருந்தால் ஸ்டாண்ட்பையில் சில நிமிடத்தில் தானே அணைந்துகொள்ளும் மாடல்கள் உண்டு. எடுத்த பிறகு ‘டெமோ’ ஓடத் தொடங்கினால் மெனுவில் அதையும் அணைக்க வேண்டும். திரையில் தெரியும் எழுத்துகள் மிக்சருக்கு வராமலிருக்க ‘டிஸ்ப்ளே’யை எல்சிடிக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில விநாடியில் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், மிக்சரும் மோடமும் விழுந்துவிடும். ஒரு சின்ன 600 விஏ யூபிஎஸ்ஸை அவை இரண்டுக்கும் கொடுங்கள், மோடம் பக்கத்து வீட்டில் என்றால் அங்கே ஒன்று. கூடவே ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கையும் எம்கேவி வடிவத்தில் ஓடவிடுங்கள். சாதா எம்பி4 என்றால் நடுவில் லேப்டாப் அணைந்தால் கோப்பு மொத்தமாகக் கெடும். எம்கேவியில் அதுவரை பதிவானது மிஞ்சும், நேரலை அறுந்துபோன பகுதியை அன்று மாலையே அதிலிருந்து எடுத்து ஏற்றிவிடலாம்.